கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வீடியோ

ஜெபசிங்கின் பெயரை அவர் மனைவி டெபோரா ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்வாள். அதுவும் அவரிடம் அல்ல, ஆண்டவரிடம். மற்ற நேரமெல்லாம் அவர் "தபிதா நைனா"தான். மகள் தபிதா பிறப்பதற்கு முன்னால் "இன்னாங்க", "இங்க பாருங்க" என்பதோடு சரி. சித்தூரில் அந்தப் பழைய சபைக் குடும்பங்களில் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் அவள் வயதுப் பெண்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சாயங்கால ஜெபத்தில் பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"ஆண்டவருகிட்ட போய் தபிதா நைனான்னு சொன்னா அவுரு யாருன்னு தேடுவாரு? ஊர்ல எத்தினி தபிதா, எத்தினி நைனா!" என்பாள்.

தெருவிளக்கு எரிந்ததும் ஜெபம். ஃபோன்களை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும், அது டெபோராவின் சட்டம். முதலில் ஒரு பாட்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். மகள், சபையில் நோயாகக் கிடப்பவர்கள், பக்கத்து வீட்டு கங்கம்மாவின் மூட்டுவலி, எல்லாம் வரும். கடைசியில்தான், "உம்முடைய பிள்ளை ஜெபசிங்கை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் கர்த்தாவே" என்று வரும். அந்த ஒரு வார்த்தைக்காக ஐம்பத்துமூன்று வயது மனிதர் தினமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் யாரிடமும் சொன்னதில்லை. டெபோராவிடமும்தான்.

பிழைப்புக்கு அவர் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். சீசன் வந்துவிட்டால் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும், ஊரே பழவாசனையில் கிடக்கும், இவர் பாய்லருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது. "ஜெபசிங் உன்டே மனம் தூங்கலாம்பா" என்று, ஜெபசிங் இருந்தால் நாம் தூங்கலாம் என்பதைத் தெலுங்கும் தமிழும் கலந்து சொல்வார் சூப்பர்வைசர் நாகையா. அப்படிப்பட்ட கண். சீசன் முடிந்தால் அந்தக் கண்ணுக்கு வேலையில்லை. வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து டெபோராவின் உயிரை வாங்குவார்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் தபிதா லீவில் வந்தபோது இதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சின்ன கேமராவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சும்மா குந்திகினு கீறதுக்கு யூடியூப்ல எதுனா போடு நைனா. நம்ம பக்கத்து ஊருங்கள காட்டு. எனக்கும் பாத்த மாரி இருக்கும்." அப்படிப் பிறந்ததுதான் "சித்தூர் ஜெபசிங்" சேனல். "அந்தரிக்கி நமஸ்காரம், எல்லாருக்கும் வணக்கம்" என்று இரண்டு மொழியிலும் கும்பிடு போட்டுத்தான் ஆரம்பிப்பார்.

கும்பிடு நன்றாகவே இருந்தது. கேமராதான் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. கார்வேட்டிநகரம் குளக்கரையில் நின்று பழைய ஜமீன் கதையை மூச்சு விடாமல் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் முகம் முழுக்க மங்கல், பின்னால் மேய்ந்த வெள்ளாட்டின் தாடி மட்டும் மயிர் மயிராகத் தெரிந்தது. ஃபோகஸ் ஆட்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"சேனலை ஆட்டு பேர்ல மாத்திடுங்க. அது ஒங்கள விட நல்லா கீது" என்று டெபோரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து காளஹஸ்தி. கலம்காரித் துணிகளின் நிறத்தைக் காட்டப் போனார். வீட்டு பல்புக்கு என்று திருப்பி வைத்த ஒயிட் பேலன்ஸை வெளியே போகும்போது மாற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? துணி, ஆற்று மணல், அவர் மூஞ்சி எல்லாம் நீலம். "தண்ணில ஊறிப்போன ஆளு மாரி கீறீங்க" என்றாள் டெபோரா. குடுபல்லியில் காற்று. அவர் பேச்சு முழுவதையும் காற்றே தின்றுவிட்டது. ஒவ்வொரு தப்பும் ஒரு பாடமாயிற்று. மற்றவர்களின் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஃபோகஸின் பச்சைக் கட்டம் முகத்தின்மேல் விழுந்ததா, வெளிச்சத்துக்கு ஏற்ற நிறமா, மைக்குக்குப் பஞ்சு போட்டதா என்று ஒன்றொன்றாகச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொள்ள ஒரு ஆள் எதிரே நிற்க வேண்டுமே. அது டெபோராதான். யூடியூபில் தலைகாட்ட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம், ஆனால் டெஸ்ட்டுக்கு நிற்பாள். கரண்டியும் கையுமாக அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்பாள். "பேசு" என்பார் இவர்.

"இன்னா பேசறது? ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமா? அங்க கொழம்பு தீயுது."

பேசினதும் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுவார். கார்டில் இடம் வேண்டுமே. அப்படி எத்தனை ஒண்ணு-ரெண்டு-மூணு போயிற்றோ. இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறார். அப்போது யாருக்குத் தெரியும்?

கிறிஸ்துமஸ் முடிந்த சமயம் டெபோராவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் சோறு, அப்புறம் களி, அப்புறம் கஞ்சியே நின்று நின்று போயிற்று. "கொஞ்சம் மெதுவா துன்னு" என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகத் தின்றால் போகிற நோயா அது? சித்தூரில் பார்த்த டாக்டர் திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பி, கடைசியில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். புற்று. தொண்டைக்குள்ளே உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடம். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வைக்கலாம். ஆனால் குரல்பெட்டியையும் சேர்த்து எடுத்தாகவேண்டும். கழுத்தில் வைக்கிற ஓட்டை வழியாகத்தான் இனி மூச்சு. பிற்பாடு ஏதாவது கருவி வைத்துக் கொஞ்சம் பேசப் பழகலாம், ஆனால் அது பழைய குரலாக இருக்காது.

டெபோரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஜெபம் பண்ண முடியுமா சார்?"

"மனசுல பண்ணுங்கம்மா" என்றார் டாக்டர், நல்லவிதமாகத்தான்.

ஜெபசிங்குக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. மனதில் பண்ணுவதற்கு டாக்டரிடம் வேறு கேட்க வேண்டுமா? அவள் கேட்டது அதுவா? வெளியே வந்து கட்டை விரலால் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் டெபோரா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் முழித்துக்கொண்டு ஒன்றையே நினைத்தபடி வந்தார். இந்தக் குரல் போய்விட்டால் என் பெயரை யார் சொல்வார்கள்? உயிருக்குப் போராடப் போகிறவளை வைத்துக்கொண்டு தன் பெயரைப் பற்றி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டால் மட்டும் நினைப்பு போகிறதா?

தபிதாவுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. ஃபோனில் அழுதுவிட்டு அவளே சொன்னாள். "நைனா, அம்மா ஜெபம் பண்றத ஒரு தடவ முழுசா எடுத்து வையி. கேமராலயே எடு, நல்லா வரும். எனக்கு அனுப்பு." அவர் மனதில் இருந்ததை மகள் வாயால் கேட்டதும் சரி என்று தெம்பு வந்தது. ஃபோனில் இதுவரை பேசினதெல்லாம் பேசினதோடு போயிற்று. டெபோராவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாது, அவரும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைகளுக்காக மறுபடி திருப்பதி போனார்கள். டெபோராவை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். காத்திருக்கிற நேரம் போகாமல், ஜெபசிங் மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்துத் திருமலைப் பக்கம் திருப்பினார். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவின் தலையிலிருந்த திருகுசக்கரத்தில் குட்டிக் கடிகாரப் படம் போட்ட இடம் ஒன்று இருந்தது. டைம் லாப்ஸ். அதுவரை அவர் தொட்டதில்லை. இரண்டு விநாடிக்கு ஒரு படமாக அதுவே எடுத்துக் கோத்து, ஒரு மணி நேரத்தை ஒரு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டும் என்று ஒரு வீடியோவில் கேட்டிருந்தார். திருப்பிவைத்து அழுத்தினார்.

வந்தது பாருங்கள்! மேகம் மலையின் மேலிருந்து பால் பொங்குவதுபோல வழிந்து இறங்கியது. மேலிருந்து கீழே நிழல் ஓடியது. வெளியே வந்த டெபோரா அந்தச் சின்னத் திரையைக் கையில் வாங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

"இதான் மொத மொதலா நல்லா வந்துகீது" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பயத்துக்கு நடுவில், ஜெபசிங்குக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கேமராவை அப்படியே பைக்குள் வைத்தார். சக்கரத்தைத் திருப்பவில்லை.

அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் சாயங்காலம். டெபோரா வீட்டைப் பெருக்கி, தலை சீவி, ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். ஃபோன்கள் அடுத்த அறைக்குப் போயின. கேமராவுக்கு மட்டும் அவள் விலக்குக் கொடுத்திருந்தாள், மகள் கேட்டாள் என்பதற்காக.

ஜெபசிங் அதைத் தையல் மிஷின்மேல் வைத்தார். செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சரிபார்த்தார். பச்சைக் கட்டம் அவள் முகத்தில் விழுந்ததா? விழுந்தது. டியூப்லைட்டுக்கு ஏற்ற நிறமா? ஆமாம். ஃபேனை அணைத்தார், காற்றுச் சத்தம் வரக் கூடாது. பேட்டரி முழுசு. பாதியில் கார்டு நிறைந்துவிடக் கூடாது என்று அதிலிருந்த எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைத்தார். மேகத்தைத் தபிதாவுக்கு ஏற்கெனவே அனுப்பியாயிற்று. அழிக்க மறந்த இரண்டொரு டெஸ்ட், கரண்டியோடு டெபோரா நின்றது, அதுவும் அதோடு போயிற்று.

"அந்த வெளிச்சம் கண்ண குத்துது. சத்தம் வேற போடுது. ஜெபத்துல அதெல்லாம் வேணாம்" என்றாள் அவள். கேமராவின் பீப் சத்தத்தை நிறுத்தினார். திரையைச் சுவர்ப்பக்கம் மடக்கினார். அழுத்தினார். சிவப்புப் புள்ளி வந்தது. வந்து பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து பழகினபடி, கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பார்கள். ஊர் உலகத்தில் வீடியோ எடுக்கிற எந்த மனிதனாவது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பானா? பாய்லர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காத அதே ஆள்தான். ஆனால் ஜெபத்தில் கண்ணைத் திறப்பது அவருக்குத் தெரியாது. சின்னவளாக இருந்தபோது தபிதா ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் டெபோரா தொடையில் கிள்ளுவாள். அப்படிப்பட்ட வீடு அது.

டெபோரா பாடினாள். தண்ணீரே இறங்காத அந்தத் தொண்டையிலிருந்து பாட்டு எப்படி வந்ததோ, முழுதாக வந்தது. அப்புறம் ஜெபம். யாரையும் விடவில்லை. தபிதா, கங்கம்மாவின் மூட்டு, கத்தி பிடிக்கப்போகிற டாக்டரின் கை, மனசுல பண்ணச் சொன்னாரே, அந்த டாக்டரின் பிள்ளைகள். கடைசியில் கொஞ்சம் நிறுத்தினாள். "ஜெபசிங்கைத் தனியா விட்டுடாதேயும் கர்த்தாவே. ஜெபசிங்குக்கு ஒண்ணும் தெரியாது." இரண்டு தடவை. ஒரே ஜெபத்தில் அவள் அவர் பெயரை இரண்டு தடவை சொன்னது அதுவே முதல்முறை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க, "ஆமென்" என்றார். எழுந்துபோய்க் கேமராவை நிறுத்திப் பையில் வைத்தார். போட்டுப் பார்க்கவில்லை. குரல் பக்கத்திலேயே இருக்கும்போது பதிவை எதற்குக் கேட்பது?

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்கள். டெபோரா பிழைத்தாள். மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு துணி. மூச்சு விடும்போது அந்தத் துணி அசையும். கண்ணாலும் கையாலும் பேசினாள். ஜெபசிங் பாதியைப் புரிந்துகொண்டார், மீதிக்கு அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். கேமராப் பையை அவர் தலைமாட்டை விட்டு நகர்த்தவில்லை. தபிதா கேட்டபோதெல்லாம், "டிஸ்சார்ஜ் ஆவட்டும்மா, பத்திரமா கீது" என்றார்.

ஒரு மத்தியானம் டெபோரா தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கேமராவைத் திறந்தார்.

டெபோராவின் தலை வெட்டி வெட்டி அசைந்தது. கை பாட்டுப் புத்தகத்தைத் திருப்பியது, மூடியது, எங்கேயோ போயிற்று. ஜன்னல் திரை துடித்தது. வெளியே வெளிச்சம் ஓடி இறங்கியது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அதற்குள் இவர் எழுந்து வந்து கேமராவை மறைத்தார். முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. சத்தம் இல்லை. சத்தத்தைக் கூட்டினார். கேமராவைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார். குட்டிக் கடிகாரம்.

படியில் ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு பெரிய மனிதர் தன் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெலுங்கில் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கேமரா ரிப்பேர்க் கடை. கிரண்குமார் என்கிற பையன் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

"அண்ணா, டைம் லாப்ஸ்ல ஆடியோ ராது. சவுண்டே எடுக்காதுண்ணா."

"எப்டினா எடுத்துக் குடு தம்பி. எவ்ளோ நாளானாலும் நா காத்துகினு கீறேன்."

"அழிஞ்சிருந்தா தேடலாம்ணா. இதுல எடுக்கவே இல்லியே. இல்லாதத எங்க தேடறது?"

பழைய டெஸ்ட்டுகளையாவது எடுக்க முடியுமா என்று கேட்டார். தேடிப் பார்த்தான். பழையதின்மேல் புதிது பதிந்துவிட்டது, உடைந்த துண்டுகள்தான் வந்தன, எதுவும் பேசவில்லை. போகிறவரைப் பார்க்கப் பொறுக்காமல் அந்தப் பையன் வீடியோவை ஒவ்வொரு படமாகப் பிரித்து அவர் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தான்.

தபிதாவிடம் சொன்னார். "பரவால நைனா" என்றாள். "நீ துன்னியா?" அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டெபோராவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தன் பெயரைச் சொன்ன இடத்தைத் தேடினார். ஒரு படத்தில் அவள் வாய் மூடியிருக்கிறது. அடுத்ததில் திறந்திருக்கிறது. ஜெபசிங் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடிகூட ஆகாது. இரண்டு படங்களுக்கு நடுவில் அது போய்விட்டது.

அப்படித் தேடும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தார். ஜெபத்தின் ஆரம்பத்தில் அவள் கண் மூடியிருந்தது. கடைசிப் பக்கம் வர வர, திறந்திருந்தது. ஒரு படத்தில் அல்ல, வரிசையாக எல்லாவற்றிலும். கண்ணைத் திறந்ததற்கு மகளைக் கிள்ளினவள், தலையைத் திருப்பி, பக்கத்தில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்துக்கொண்டே ஜெபித்திருக்கிறாள். அன்றைக்கு மட்டுமா, இல்லை இத்தனை வருஷமுமா? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு நாளாவது கண்ணைத் திறந்திருந்தால்தானே.

வீட்டுக்கு அழைத்துவந்த அன்று சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் டெபோராவே ஃபோன்களை எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பண்ணுங்க என்று அர்த்தம்.

ஜெபசிங் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். பாட்டை விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே" என்று ஆரம்பித்தார், அதற்குமேல் தெரியவில்லை. அவள் சொல்கிற வரிசை ஞாபகத்துக்கு வந்தது. தபிதாவைச் சொன்னார். கங்கம்மாவின் மூட்டுவலியைச் சொன்னார். டாக்டரைச் சொன்னார். "டெபோராவ" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். அடுத்தது கடைசிப் பெயர். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். தன் பெயரைத் தானே எப்படிச் சொல்வது? தினமும் காத்திருந்த இடம் அது. பழக்கத்தில் இப்போதும் காத்திருந்தார். கழுத்துத் துணி மூச்சுக்கு அசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டெபோரா, அன்னிக்கி எடுத்தேனே, அதுல சத்தமே இல்ல" என்றார் கண்ணை மூடியபடியே. "நா தப்பா வச்சிட்டேன். ஒண்ணியும் வரல. எல்லாம் போச்சு."

பதில் எப்படி வரும்? ஜெபசிங் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. அவர் கண்ணைத் திறந்ததைப் பார்த்துக் கொஞ்சம் திடுக்கிட்டாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதட்டை அசைத்தாள். பல் லேசாகத் தெரிந்தது, உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, பிறகு கொஞ்சம் விரிந்தன. காற்று கழுத்து வழியாகப் போயிற்று. சத்தம் இல்லை. அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் மெதுவாகச் சொன்னாள். அது அவர் பெயர்தான்.

ஆமென் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரால் சொல்ல முடியவில்லை.